முப்பத்தேழு பேரால் ஆன ஒரு தையல்காரர்

நன்மைப் பகிர்வு ஆணையத்தின் வாசலில், மதில் சுவரை ஒட்டி, ஒரு மடக்கு மேசையும் இரண்டு பேனாவும் வைத்துக்கொண்டு படிவம் நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. ஆணையம் வருவதற்கு முன்னால் இதே இடத்தில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். ஆணையம் வந்தபிறகு மழையைவிடப் படிவம் அதிகமாகப் பெய்ததால் தொழிலை மாற்றிக்கொண்டேன். ஆகவே ஒப்பந்தத்தால் நன்மை அடைந்தவர் யாராவது உண்டா என்று கேட்டால், நியாயமாக நான் கை தூக்க வேண்டும். தூக்குகிறேன்.

ஒப்பந்தம் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுத் துணிக்கு இருந்த வரியை நாம் எடுத்துவிட்டோம். நம் சட்டைக்கென்று அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் சந்தையில் ஒதுக்கி வைத்திருந்த பங்கை அவர்கள் எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொன்றை எடுத்ததால் இது சரிசமமான ஒப்பந்தம் என்று பேப்பரில் போட்டிருந்தது. அதற்கடுத்த மாதமே ஆற்றோரச் சட்டைக் கம்பெனியில் ஆர்டர் நின்றுபோனது. வாங்கிக்கொண்டிருந்த பெரிய கடைக்காரர்கள் இன்னும் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். உள்ளூர்ச் சந்தையிலோ, எங்கேயோ யாரோ உடுத்திக் கழித்த சட்டைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்தவர்கள் கேட்டில் பூட்டைப் பார்த்தார்கள். பூட்டு மட்டும் உள்ளூர்த் தயாரிப்பு.

அவர்களைக் கவனிக்கத்தான் ஆணையம். ஆனால் தொடக்கத்திலேயே அதற்கு ஒரு சிக்கல் வந்தது. ஒப்பந்தத்தின் முதல் வரியே ‘இதனால் அனைவரும் நன்மை அடைவர்’ என்பதுதான். அப்படியிருக்க, ‘பாதிக்கப்பட்டவர்’ என்று ஒரு படிவம் அச்சடித்தால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். மூன்று மாதம் கூடிப் பேசி ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்கள். ‘நன்மை தாமதமானவர்.’ நன்மை புறப்பட்டுவிட்டது, வழியில் இருக்கிறது, உங்களிடம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு ஓர் அட்டை உண்டு. அட்டை இருந்தால் பெரியாஸ்பத்திரியில் படுக்கை, மருந்து, ஆக்ஸிஜன் எல்லாம் கிடைக்கும். இல்லாவிட்டால் வராந்தா.

காலரக்கா என் மேசைக்கு வந்தது அந்த அட்டைக்காகத்தான்.

"அண்ணே, இதை நிரப்பித் தரணும்."

"தொழில் என்னம்மா?"

"காலர்."

"காலர்னா?"

"காலர்தாண்ணே. பதினாலு வருஷமா காலர் வெச்சுத் தைக்கிறேன். வேற எதையும் தொட்டதில்ல."

"வீட்டுல வேற யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. அவரும் அங்கதான். கறை எடுக்கிறவரு. அவருக்காகத்தாண்ணே அட்டை. மூச்சு விட முடியல. கம்பெனி டிஸ்பென்சரில ஒரு சிலிண்டர் இருந்துச்சு, அதை வெச்சு ஓட்டிட்டிருந்தோம். கேட்டைப் பூட்டினப்போ அதையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க."

கம்பெனியில் எல்லாரும் அவரைக் கறையண்ணன் என்பார்கள். தைத்து முடித்த சட்டையில் எண்ணெய்ச் சொட்டோ பேனா மையோ இருந்தால், ஜன்னல் இல்லாத பின்னறையில் உட்கார்ந்து, ஒரு துப்பாக்கியால் மருந்தைப் பீய்ச்சி அதை எடுப்பது அவர் வேலை. கறை காற்றோடு போய்விடும். மருந்து எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. பதினைந்து வருடத்தில் அது முழுவதும் அவர் நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

படிவத்தில் தொழிலுக்கு மூன்று கட்டம்தான் இருந்தது. நெசவாளர், தையல்காரர், இதர. ‘இதர’ என்று போட்டால் படிவம் மாடிக்குப் போகும். மாடிக்குப் போனது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே என் சொந்தப் புத்தியை உபயோகித்துத் ‘தையல்காரர்’ கட்டத்தில் டிக் அடித்தேன். அந்தக் குடும்பத்தைக் கெடுத்தது முதலில் என் பேனாதான். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பிறகு ஆணையத்தைத் திட்டும்போது மறந்துவிடுவேன்.

தையல்காரர் என்று எழுதியவர்களுக்குத் திறன் தேர்வு உண்டு என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துக் காலரக்காவைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். தரைத்தளத்தில் நீளமான ஹால், நடுவில் ஒரே ஒரு தையல் மெஷின், அதன்மேல் இரண்டு மீட்டர் வெள்ளைத் துணி. எதிரே உதவி இயக்குநர், கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு.

"ஒரு முழுச் சட்டை தைங்கம்மா. ரெண்டு மணி நேரம்."

காலரக்கா துணியைப் பார்த்தாள். பிறகு தன் இடப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"காலர் பீஸ் எங்கே சார்?"

"எல்லாம் இந்தத் துணியிலதான் இருக்கு. நீங்கதான் வெட்டி எடுக்கணும்."

கம்பெனியில் ஒரு சட்டையை யாரும் தைப்பதில்லை. ஒருவர் வெட்டுவார், ஒருவர் பாக்கெட் வைப்பார், ஒருவர் தோள் மூட்டுவார், ஒருவர் பட்டனுக்குக் காஜா போடுவார். சட்டை இடப்பக்கத்திலிருந்து வரும், நம் பங்கைத் தைத்து வலப்பக்கம் வைத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். பதினாலு வருடத்தில் காலரக்கா தைத்த காலர்களை நீட்டி வைத்தால் ஒரு மாவட்டத்தையே சுற்றி வரலாம். ஆனால் அந்தக் காலர்கள் எந்த உடம்பில் போய் ஒட்டின என்று அவளுக்குத் தெரியாது.

துணியின் ஓரத்தில் கண்ணளவில் ஒரு காலரை வெட்டினாள். பத்து நிமிடத்தில் தைத்து முடித்தாள். கத்தி போல நின்றது. முடிக்கும் இடத்தில் ஒரு தையல் கூடுதலாகப் போட்டாள். அது அவள் பழக்கம். அந்த ஒரு தையலுக்காகச் சூப்பர்வைசரிடம் பதினாலு வருடமாகத் திட்டு வாங்கியிருக்கிறாள். ‘பிரிஞ்சுட்டா என் பேருதானே கெடும்’ என்பாளாம், அவள் பேர் அதில் எங்கேயும் எழுதியிராதபோதும். தைத்த காலரை எடுத்து வலப்பக்கம் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

உதவி இயக்குநர் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"சட்டை எங்கம்மா?"

"காலர் முடிஞ்சுது சார். அடுத்த ஆளு வந்து எடுக்கணும்."

அவர் எழுதிய குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘விண்ணப்பதாரர் தையல்காரர் அல்லர். தையல்காரர் அல்லாதவருக்குத் தையல் தொழிலின் நலிவால் நன்மை தாமதமாக வாய்ப்பில்லை. நிராகரிக்கப்படுகிறது.’

அடுத்த பதினைந்து நாளில், கம்பெனியில் அவளோடு ஒரே வரிசையில் வேலை செய்த மற்ற முப்பத்தாறு பேரும் தனித்தனியாகப் போய்த் தோற்றார்கள். பாக்கெட்காரர் பாக்கெட்டை மட்டும் தைத்துவிட்டு உட்கார்ந்தார். காஜாப் பெண் வெறுந்துணியில் வரிசையாக ஏழு காஜா போட்டாள். கறையண்ணன் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சுத்தமா இருக்கே சார், நான் என்ன பண்ண?" என்று கேட்டு மூச்சு வாங்கினாராம். பதினைந்து வருடத்தில் அறுபது லட்சம் சட்டை தைத்து அனுப்பிய கம்பெனியில் ஒரு தையல்காரர்கூட இருந்ததில்லை என்று ஆணையம் கண்டுபிடித்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர்களையெல்லாம் மேசையைச் சுற்றி நிற்க வைத்து யோசனை சொன்னேன்.

"தனித்தனியாப் போனாத்தானே தோக்குறீங்க. மொத்தமாப் போங்க. ஒரே வரிசையா நின்னு தைச்சுக் காட்டுங்க."

இது என் இரண்டாவது தவறு.

ஒரு புதன்கிழமை முப்பத்தேழு பேரும் ஹாலுக்குள் போனார்கள். இருந்த ஒரு மெஷினோடு, காயலான்கடைக்குப் போகவிருந்த எட்டு மெஷின்களைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் துணியை விரித்துவிட்டுக் கேட்டார், "யாரு அளவுக்கு வெட்டட்டும்?"

"கறையண்ணனுக்கே வெட்டுங்க, ஊர்ச் சட்டைக்கெல்லாம் கறை எடுத்தவரு, அவருகிட்ட உருப்படியா ஒண்ணு இல்ல" என்றாள் காஜாப் பெண்.

வெட்டினார். துணி இடமிருந்து வலமாக நகர்ந்தது. கை நீட்டும்போது அடுத்தவர் கை அங்கே இருந்தது. காலர் ஏறியது, கை ஏறியது, பக்கம் மூடியது, அடி மடிந்தது. பிசிறு வெட்டுகிறவர் வாயால் ஊதி நூலைத் தட்டினார். பழைய மெஷினிலிருந்து பாக்கெட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்திருந்தது. முப்பத்துமூன்றாவது ஆளாகச் சுவரில் சாய்ந்து நின்ற கறையண்ணன் துப்பாக்கியை எடுத்தார். ஒரு பீய்ச்சல். கறை போன இடம் தெரியவில்லை. பிறகு அவர் வெகுநேரம் இருமினார். அயர்ன் மாஸ்டர் தேய்த்து, மடித்து, உதவி இயக்குநர் கையில் கொடுத்தபோது நிறுத்துக் கடிகாரம் இருபத்திரண்டு நிமிடம் காட்டியது.

உதவி இயக்குநர் சட்டையைத் தடவிப் பார்த்தார். உள்ளே வெளியே புரட்டிப் பார்த்தார். மனிதர் உண்மையிலேயே கலங்கிப் போனார். "இதுல ஒரு குறையும் இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சட்டையோடு மாடிக்குப் போனார்.

மாடியில் கமிட்டி மூன்று நாள் கூடியது. முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ஒரு சட்டையைத் தைப்பவர் ஒரு தையல்காரர். தேர்வில் ஒரு சட்டை தைக்கப்பட்டது. ஆகவே அங்கே இருந்தது ஒரு தையல்காரர். அவருக்கு ஓர் அட்டை வழங்கப்படும்.

அட்டையில் ஒரே ஒரு போட்டோவுக்குத்தான் இடம். முப்பத்தேழு பேரையும் நெருக்கி நிற்க வைத்து எடுத்தார்கள். கறையண்ணனுக்கு ஒரு காது மட்டும் விழுந்திருந்தது. ஆண், பெண் என்ற இடத்தில் ‘கலந்தவர்’. வயது என்ற இடத்தில் எல்லார் வயதையும் கூட்டி ஆயிரத்து முந்நூற்று இரண்டு என்று போட்டு, மூத்த குடிமக்கள் சலுகை பொருந்தாது என்று அடிக்குறிப்பும் சேர்த்திருந்தார்கள்.

அட்டை வழங்கும் விழாவுக்கு இயக்குநரே இறங்கி வந்தார். தைத்த சட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வரவேற்பறையில் நிறுத்தியிருந்தார்கள். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் பேசினார்.

"இந்த ஒரு வரிசையில மட்டும் முப்பத்தேழு பேருக்கு நன்மை தாமதமாயிடுச்சுன்னு ஒரு வதந்தி. எங்களுக்கு முன்னால இருந்தவங்கன்னா நிவாரணம், மானியம்னு காசை வாரி இறைச்சிருப்பாங்க. நாங்க அப்படிச் செய்யலை. ஆராய்ஞ்சோம். அறிவியல் முறையில ஆராய்ஞ்சு, முப்பத்தேழு பேரை ஒருத்தராக் குறைச்சிருக்கோம். ஒரு பைசா செலவில்லை. உலகத்துல எந்த நாடும் இவ்வளவு வேகமாக் குறைச்சதில்லை. சிலர் கேக்கறாங்க, கம்பெனி போச்சேன்னு. கம்பெனி எங்கேயும் போகலை. இடம் மாறியிருக்கு. வேற நாட்டுல நல்லாத்தான் ஓடுது. நாம பரந்த மனசோட பார்க்கணும்."

கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற காலரக்கா மேடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சில் மனம் கரைந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அவரு போட்டிருக்கிற சட்டை காலரைப் பாருங்கண்ணே, உள்துணி ஒட்டாம கொப்புளம் கொப்புளமா நிக்குது. ரெண்டு தண்ணி தாங்காது. வெளிநாட்டுச் சரக்கு" என்றாள்.

அட்டை ஒன்று, ஆள் முப்பத்தேழு. எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டு மனு எழுதினேன். பதில் வந்தது. ஆளுக்கு வருடத்தில் ஒன்பது நாள், வேலை வரிசைப்படி. முதல் ஒன்பது நாள் கட்டிங் மாஸ்டருக்கு, அடுத்த ஒன்பது நாள் பீஸ்களுக்கு நம்பர் போடுகிறவருக்கு, இப்படியே போகும். காலர் ஆறாவது. மிச்சம் விழும் முப்பத்திரண்டு நாட்களுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ‘பொது ஆரோக்கிய நாட்கள்’. அந்த நாட்களில் தையல்காரருக்கு உடம்பு நன்றாக இருப்பதாகக் கருதப்படும்.

கறை எடுப்பது முப்பத்துமூன்றாவது வேலை. கறையண்ணனுக்கு மூச்சுத் திணறியது இந்த மாதம். ஆணையம் அதைப் பத்தாவது மாதத்துக்குத் தள்ளி வைத்தது.

கட்டிங் மாஸ்டர் அட்டையைக் கையில் வாங்கிய சூட்டோடு காலரக்காவிடம் நீட்டினார்.

"எனக்கு ஒரு தலைவலிகூட இல்லம்மா. முதல்ல அவரைக் கொண்டுபோய்ப் படுக்க வை. கேட்டா நான்தான் கட்டிங்னு சொல்லச் சொல்லு."

அப்படித்தான் கறையண்ணன் பெரியாஸ்பத்திரியில் படுக்கை ஏறினார். தலைமாட்டுப் பலகையில் ‘கட்டிங்’ என்று எழுதினார்கள். மூக்கில் குழாய் வைத்த அரை மணி நேரத்தில் உதட்டின் நீலம் இறங்கியதாகக் காலரக்கா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்தாம் நாள் நம்பர் போடுகிறவர் விட்டுக்கொடுத்தார். பிறகு பாக்கெட்காரர், பிறகு பட்டன் பட்டி தைக்கிறவர், பிறகு தோள் மூட்டுகிறவர். ஒன்பது நாளைக்கு ஒருதரம் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா வந்து பலகையை அழித்து எழுதிவிட்டுப் போவார்.

ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தேன். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வந்தது.

"கட்டிங், நம்பர், பாக்கெட்டு, பட்டி எல்லாம் தாண்டியாச்சுண்ணே. இப்போ நான் தோள்பட்டை. வர்ற வாரம் காலரு. இப்படியே போனா வருஷக் கடைசில ஒரு முழுச் சட்டை ஆயிடுவேன்."

"பேசாமக் குடிங்க, ஆறிடும்" என்றாள் காலரக்கா. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் அவளைச் சிரித்துப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அவளுடைய சொந்த ஒன்பது நாள் தொடங்கிய மூன்றாம் நாள் ஆய்வு அதிகாரி வந்தார். அந்த உரையாடலைக் காலரக்கா எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஒப்பித்திருக்கிறாள். மனுவில் சேர்ப்பதற்காகத்தான்.

"நீங்க யாரு?"

"காலர் சார்."

"காலர் பெண்ணுன்னு ரெக்கார்டுல இருக்கே."

"இவதான் சார் காலரு, என் வீட்டுக்காரி. நான் கறை."

"அப்போ கறையோட நோயைக் காலர் அனுபவிக்குது. ஒரு பாகத்தோட நோயை இன்னொரு பாகம் அனுபவிக்க விதியில்லை."

"நோயை நான்தான் சார் அனுபவிக்கிறேன்."

அதிகாரி கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினாராம். "இதைப் புரிஞ்சுக்குங்க. எங்க கணக்குப்படி இந்த மாவட்டத்துல நன்மை தாமதமானவரு ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் நாப்பத்தெட்டு நாளாப் படுக்கையில கிடக்குறாரு. அறிக்கையில எப்படி வரும் தெரியுமா? நூறு சதவீதம் பேர் நோயாளி. வெளிநாட்டுல இருந்து கேப்பாங்க. ஒப்பந்தத்தோட பேரே கெட்டுப் போயிடும். முப்பத்தேழுல ஒருத்தர் நோயாளின்னா அது ரெண்டே முக்கால் சதவீதம், கௌரவமா இருக்கும். ஆனா நீங்க முப்பத்தேழு பேர் இல்லையே."

விசாரணை முடியும்வரை அட்டை நிறுத்தி வைக்கப்பட்டது. குழாயைக் கழற்றினார்கள். அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் பதினொரு மனு எழுதினேன். பன்னிரண்டாவதைக் காலரக்கா கையிலேயே கொடுத்து உதவி இயக்குநரிடம் அனுப்பினேன். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டாராம்.

"படிச்சேம்மா. பதினொண்ணையும் படிச்சேன். தனிப்பட்ட முறையில அழுதுட்டேன். ஆபீஸ் முறையில ஒண்ணும் செய்றதுக்கில்ல. பத்தாவது மாசம் உங்க வீட்டுக்காரரோட சொந்த முறை வருது இல்ல, அதுவரைக்கும் கொஞ்சம் சமாளிக்கச் சொல்லுங்க."

அவர்கள் வீடு ஒற்றை அறை. கூரைத் தகரத்துக்குக் கீழே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கதவுக்குப் பின்னால் துணிக்கொடி. எட்டு நாள் அந்தக் கட்டிலில் அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. வரிசையில் இருந்தவர்கள் முறை போட்டுக்கொண்டு அட்டையால் விசிறினார்கள். படிவம் வாங்கும்போது ஆணையம் இலவசமாகத் தருகிற தடித்த அட்டைதான், விசிறுவதற்கு நல்ல அளவு. ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, கட்டிங் மாஸ்டரின் முறையில், கறையண்ணன் போய்விட்டார்.

காலரக்கா அழுதது கொஞ்ச நேரம்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தச் சட்டை. கண்ணாடிப் பெட்டியில இருக்கே. அவர் அளவுக்குத் தைச்சது. கேட்டு வாங்கித் தாங்க. அதைப் போட்டு அனுப்பிடுறேன்."

ஓடினேன். கேட்டேன். உதவி இயக்குநர் கைகூப்பினார். "துக்கம் எனக்கும் இருக்கு. ஆனா அந்தச் சட்டை பயனாளியோட திறமைக்கு ஆதாரம். அதைக் கொடுத்துட்டா தையல்காரர் ஒருத்தர் இருந்தாருங்கறதுக்கே ஆதாரம் இல்லாமப் போயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." நான் வாயில் வந்ததைச் சொன்னேன். காவலாளி என்னை வெளியே கொண்டுவந்து விட்டார். சந்தையில் மூட்டைச் சட்டை ஒன்று வாங்கிப் போனேன். தோள் அகலமாக, கை நீளமாக, யாரோ நல்ல சாப்பாட்டுக்காரன் கழித்துப் போட்டது. அதில்தான் அவரை அடக்கம் செய்தோம்.

இறப்புச் சான்றிதழின் நகலை ஆணையத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி. கொடுத்தோம். ஒரு வாரத்தில் மிச்சம் முப்பத்தாறு பேரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். ஆறுதல் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்து எல்லாரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள்.

"நன்மை தாமதமானவர் இறந்துட்டாரு. ஆகவே அட்டை ரத்தாகுது. எல்லாரும் இங்கே கையெழுத்துப் போடுங்க" என்றார் உதவி இயக்குநர்.

"நாங்க உசுரோட இருக்கோமே சார்" என்றாள் காஜாப் பெண்.

"தனித்தனியா இருக்கீங்க. அதை யாரும் மறுக்கலை. அட்டை உங்க யாருக்கும் தனித்தனியாக் கொடுக்கலையே. சேர்ந்து ஒருத்தரா இருந்தாரே, அவருதான் போயிட்டாரு. ஒரு மனுஷனுக்கு நெஞ்சு நின்னுட்டா, கை கால் நல்லாத்தானே இருக்குன்னு சம்பளம் போடுவாங்களா?"

முப்பத்தாறு பேரும் தாங்கள் இறந்துபோனதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். போடாவிட்டால் இறப்பு உறுதியாகாது, உறுதியாகாவிட்டால் அடக்கச் செலவுக்கான தொகை வராது என்று சொன்னார்கள். போட்டபிறகு, அந்தத் தொகை பயனாளியின் கையில் மட்டுமே தரப்படும் என்று சொன்னார்கள். காலரக்கா ஆறாவதாகக் கையெழுத்துப் போட்டாள். வேலை வரிசை.

அந்த மாதக் கடைசியில் ஆண்டு விழா. வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்ததால் என் மேசையிலிருந்தே இயக்குநரின் பேச்சைக் கேட்டேன்.

"மூணு மாசத்துக்கு முன்னால இந்த மாவட்டத்துல நன்மை தாமதமானவர் ஒருத்தர் இருந்தாரு. இப்போ யாரும் இல்லை. பூஜ்யம். ஒப்பந்தத்தோட முதல் வரி இன்னைக்கு உண்மையாயிடுச்சு. இந்த வெற்றிக்கு, தன்னலம் பாராம ஒத்துழைச்ச அந்தப் பயனாளிக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. மேசையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆனாலும் மறுநாள் அதே வாசலில் அதே மேசையை விரித்தேன். வேறு எங்கே போய் விரிப்பது?

நாலைந்து நாள் கழித்துக் காலரக்கா வந்தாள். பக்கத்துத் தெருவில் யாரோ மூட்டைச் சட்டைகளைப் பிரித்துத் தரம் பிரிக்க ஆள் எடுக்கிறார்களாம், ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றாள். எழுதிக்கொண்டிருந்தேன். அவள் ஆணையத்தின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். காவலாளி ஒரு வெள்ளைத் துணியால் இயக்குநரின் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது என் காலருண்ணே" என்றாள்.

நான் எழுந்து பார்ப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். காவலாளி கெட்ட மனுஷன் இல்லை. தலையைச் சொறிந்தார்.

"கேஸ் முடிஞ்சுபோச்சு, இனி ஆதாரம் வேண்டாம்னு பெட்டியைக் காலி பண்ணச் சொன்னாங்கம்மா. நல்ல துணியா இருந்துச்சு. உங்களுதுன்னு தெரியாது. எடுத்துக்கிட்டுப் போங்க."

கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். நெஞ்சுப் பக்கம் முழுவதும் சக்கரத்து கிரீஸ், கறுப்பாக, ஒரு கை அகலத்துக்கு. அவள் காலரை நிமிர்த்திப் பார்த்தாள். முடிக்கிற இடத்தில் அந்தக் கூடுதல் தையலை விரலால் தடவினாள்.

"காலருக்கு ஒண்ணும் ஆகலண்ணே. பிரியல."

"துவைச்சாப் போயிடும்மா" என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"இது போகாதுண்ணே. இதை எடுக்க அவருக்கு மட்டும்தான் தெரியும்."

சட்டையைக் கம்பெனியில் மடிக்கிற மாதிரி மடித்தாள். கை இரண்டையும் பின்னால் தள்ளி, காலர் மேலே நிற்கும்படி, கறை உள்ளே போகும்படி. பையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை வாங்கிப் போனாள்.

அவளுக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். அதற்கு முந்தின வாரம் மூடிய பேன்ட் கம்பெனி ஆள். உட்காரச் சொல்லிப் படிவத்தை எடுத்தேன்.

"தொழில்?"

"ஜிப்பு வைக்கிறவன்."

மூன்று கட்டங்களையும் பார்த்தேன். எதிலும் டிக் அடிக்கவில்லை. ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில், அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.